எலும்பு மாக்கருக்கு இரத்தம் குடுக்க முதல் தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கோ

எலும்பு மாக்கர், அதாவது எலும்புக்குள் நடக்கிற வேலையைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை, அதன் றிப்போட்டில் ஒரு வரி: சி.ரி.எக்ஸ் 0.62. பக்கத்தில் ஒரு தடித்த 'எச்', கூடிவிட்டது என்ற அடையாளம். இந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் "அம்மான்ரை எலும்பெல்லாம் உக்கிப் போச்சாம்" என்று லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வட்ஸ்அப்பில் செய்தி பறந்துவிடும். அந்த 0.62 எலும்பு எவ்வளவு உறுதி என்று சொல்லவே இல்லை. இரத்தம் எடுத்த அந்தக் காலையில் பழைய எலும்பு என்ன வேகத்தில் கழன்றுகொண்டிருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அதுகூட, சரியான நேரத்தில் சரியான ரியூப்பில் எடுத்திருந்தால்தான்.

முதலில் அந்த 'எச்' எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்போம். பரவலாகப் பாவிக்கப்படும் ரோஷ் கொம்பனியின் எலெக்சிஸ் அளவீட்டு முறையில், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு மேல் எல்லை மில்லிலீற்றருக்கு 0.573 நனோகிராம். மாதவிடாய் நின்றவர்களுக்கு மேல் எல்லை 1.008, சராசரி 0.556. ஆய்வுகூடத்துக் கணினியில் முதல் அளவுகோல் மட்டும் பதிந்திருந்தால், 58 வயது அம்மாவின் 0.62க்குப் பக்கத்தில் 'எச்' அச்சாகும். அவருடைய வயதுக்காரரோடு ஒப்பிட்டால் அது நடுவில் இருக்கிற ஒரு எண். அலகும் ஆளைக் குழப்பும். 0.62 நனோகிராம்/மில்லிலீற்றர், 620 பிக்கோகிராம்/மில்லிலீற்றர், 620 நனோகிராம்/லீற்றர் மூன்றும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு தடவை, கொழும்பில் ஒரு தடவை என்று செய்த இரண்டு றிப்போட்டில் 0.62, 620 என்று கண்டு ஆயிரம் மடங்கு கூடிவிட்டது என்று பதறத் தேவையில்லை.

வேலி அடைக்கிற வேலையைப் பார்த்தவர்களுக்கு இந்த மாக்கர்கள் சுலபமாக விளங்கும். உக்கிய பனையோலையைப் பிடுங்கி எறிய ஒரு காலைப்பொழுது போதும். புது ஓலை மிதித்து, வெட்டி, வரிச்சுப் பிடித்துக் கட்டி முடிக்கத்தான் நாள் போகும். எலும்பும் அப்படித்தான். ஓரிடத்தில் பழைய எலும்பை அரித்து எடுக்க ஏறக்குறைய மூன்று கிழமை. அந்தக் குழியை நிரப்ப மூன்று நான்கு மாதம். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், பிடுங்குகிற ஆட்கள் எல்லா மூலையிலும் ஒரே நேரத்தில் இறங்கிவிடுவார்கள். கட்டுகிற ஆட்களும் கூடுவார்கள், ஆனால் ஈடுகொடுக்க மாட்டார்கள். சி.ரி.எக்ஸ் என்பது பிடுங்கிய பழைய கொலாஜனின் துண்டு. பி1என்பி என்பது புதுக் கொலாஜனைக் கட்டும்போது நறுக்கி எறிகிற நுனி. முற்றத்தில் கிடக்கிற குப்பையை எண்ணிவிட்டு வேலிக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்று கணிக்கிறோம், அவ்வளவுதான். வேலி எவ்வளவு உயரம், எவ்வளவு அடர்த்தி என்று குப்பை சொல்லாது.

ஆகவே "எலும்பு ஐதாகிவிட்டதா", அதாவது ஒஸ்ரியோபொரோசிஸா, என்ற கேள்விக்கு இந்தப் பரிசோதனையில் பதில் இல்லை. அதற்கு எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கிற டெக்ஸா ஸ்கான், அதில் ரி-ஸ்கோர் (இளவயதுக்காரரின் எலும்போடு ஒப்பிட்ட எண்) –2.5 அல்லது அதற்குக் கீழே. அல்லது சின்னதாக விழுந்தே முறிந்த இடுப்பு, தானாகவே நசிந்த முள்ளந்தண்டு. அடுத்த பத்து வருடத்தில் முறிவு வருகிற சாத்தியத்தைக் கணக்கிடப் பிராக்ஸ் என்ற இலவசக் கணிப்பான் இருக்கிறது. இலங்கைக்கென்று தனிப் பக்கமும் உண்டு. அதில் வயது, நிறை, உயரம், முந்திய முறிவு, அப்பா அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா, ஸ்ரெரொயிட், புகைத்தல் எல்லாம் கேட்கும். சி.ரி.எக்ஸ் கேட்காது. காரணம் இருக்கிறது. 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், பி1என்பி ஒரு நியம விலகல் கூடினால் முறிவு ஆபத்து 1.23 மடங்கு, சி.ரி.எக்ஸுக்கு 1.18 மடங்கு. தொடர்பு உண்மைதான், ஆனால் தனியொரு ஆளுக்குத் தீர்ப்புச் சொல்ல அது காணாது.

இன்னொரு குழப்பம் நம் பேச்சுத் தமிழில் இருந்து வருகிறது. "தேய்மானம்" என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வருத்தங்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். படியேறும்போது நோகிற முழங்கால் மூட்டுத் தேய்மானம். அதில் தேய்வது குருத்தெலும்பு. எலும்பு ஐதாதல் முறியும்வரை நோகாது. முழங்கால் நோவுக்காக சி.ரி.எக்ஸ் செய்வது வீண் காசு.

மாக்கர் செய்ய முதல் மலிவான பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். இதை நான் விடாப்பிடியாகச் சொல்வேன். கல்சியம், அல்புமின், பொஸ்பேற், அல்கலைன் பொஸ்பற்றேஸ் (ஈரலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருகிற நொதியம்), சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின், 25-ஹைட்ரொக்சி விற்றமின் டி, தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச், முழு இரத்தக் கணிப்பு, அழற்சியைக் காட்டுகிற ஈ.எஸ்.ஆர். கல்சியம் கூடியோ குறைந்தோ இருந்தால் இரத்தக் கல்சியத்தை ஏற்றுகிற பராதைரொயிட் ஹோர்மோன், அதுவும் கல்சியம் எடுக்கிற அதே குத்தில். முதுகெலும்பு நசிந்து, ஈ.எஸ்.ஆர் எகிறி, இரத்தச் சோகையும் இருந்தால் இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கிற புரத எலெக்ட்ரொபொரெசிஸ். மைலோமா என்ற புற்றுநோய் எலும்பு ஐதாதல் வேசத்தில் வந்து நிற்கும்.

கல்சியத்தை அப்படியே வாசிக்கக் கூடாது. அதில் கிட்டத்தட்டப் பாதி அல்புமினில் ஒட்டியபடி திரிகிறது. அல்புமின் லீற்றருக்கு 40 கிராமுக்குக் கீழே எத்தனை கிராம் குறைகிறதோ, அத்தனை 0.02 கூட்ட வேண்டும். கல்சியம் 2.08 மில்லிமோல், அல்புமின் 32 என்றால், குறைவு 8, எட்டு 0.02 என்றால் 0.16, திருத்திய கல்சியம் 2.24. பயப்பட ஒன்றுமில்லை. இதைத் திருத்தாமல் "கல்சியம் குறைவு" என்று மூன்று மாதத்துக்குக் குளிசை எழுதுவது நடக்கிற விசயம்.

அல்கலைன் பொஸ்பற்றேஸ் கூடினால் ஈரலா எலும்பா என்று பிரிக்க ஈரல் நொதியமான ஜி.ஜி.ரி பாருங்கள். ஜி.ஜி.ரி சாதாரணமாக இருந்து, கல்சியமும் பொஸ்பேற்றும் கீழ்ப்பக்கம் இருந்தால், அது எலும்பு ஐதாதல் என்று நினைத்த ஒஸ்ரியோமலேசியாவாக, எலும்பு மென்மையாகிற வருத்தமாக, இருக்கலாம். எலும்பு குறையவில்லை, எலும்பு இறுகவில்லை. டெக்ஸாவில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், மருந்தோ வேறு. விற்றமின் டியை நிரப்பாமல், எலும்பு அரிப்பைத் தடுக்கிற சொலிட்ரோனிக் அமில ஊசியைப் போட்டால் இரத்தக் கல்சியம் தடாலென்று விழுந்து கைகால் இழுக்கும். வெய்யில் கொளுத்துகிற ஊரில் விற்றமின் டி குறையுமா என்று கேட்பார்கள். பத்து மணிக்கு முன் வீட்டு வேலை, வெளியே போனால் குடையும் நீளக்கைச் சட்டையும் என்றால் வெய்யில் கொளுத்தி என்ன பயன்.

விற்றமின் டியில் பிழையான பரிசோதனை கேட்கிற வழக்கமும் உண்டு. 1,25 டைஹைட்ரொக்சி என்பதுதான் "வேலை செய்கிற" வடிவம் என்று படித்துவிட்டு அதை எழுதுவார்கள். உடம்பில் டி குறைந்தால் பராதைரொயிட் ஹோர்மோன் ஏறி, இருக்கிறதையெல்லாம் அந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். அதனால் குறைபாட்டிலும் அது சாதாரணமாக, சிலவேளை கூடுதலாகவே வரும். கேட்க வேண்டியது 25-ஹைட்ரொக்சி. மில்லிலீற்றருக்கு 20 நனோகிராம், அதாவது லீற்றருக்கு 50 நனோமோல், அதற்குக் கீழே என்றால் குறைபாடு. ஒன்றிலிருந்து மற்றதுக்கு 2.5ஆல் பெருக்கினால் சரி.

இனி இரத்தம் எடுக்கிற கதை. நிறையப் பிழை நடப்பது இங்கேதான்.

சி.ரி.எக்ஸ் பின்னிரவில், 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், உச்சிக்குப் போகும். விடிந்த பிறகு இறங்கத் தொடங்கி முற்பகல் 11இலிருந்து பிற்பகல் 3 வரை அடிமட்டத்தில் கிடக்கும். சாப்பாடு அதை இன்னும் கீழே தள்ளும். அதனால் காலை 7.30க்கும் 10க்கும் இடையில், முதல் நாள் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். இரண்டாம் தடவை எடுக்கும்போதும் அதே நேரம். முதல் தடவை 8 மணி என்றால் அடுத்ததும் 8ஐ ஒட்டியே.

வெறும் வயிறு என்றால் என்ன என்பதில்தான் ஊருக்கு ஊர் வியாக்கியானம். ஆய்வுகூடத்து மேசையில் இது தினமும் கேட்கிற உரையாடல்:

"அம்மா, காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"ஒண்டும் சாப்பிடேல்லைப் பிள்ளை, வெறும் வயித்தோடதான் வந்தனான்."

"தேத்தண்ணி?"

"அது ஒரு வாய். ரெண்டு பிஸ்கற்றும். சாப்பாடில்லை."

அந்த ஒரு வாய்க்குள் சீனியும் பாலும் இருக்கிறது. குடல் விழித்துக்கொண்டது, சி.ரி.எக்ஸ் இறங்கத் தொடங்கிவிட்டது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமை விரதம், மத்தியானப் பூசை முடிந்து 2 மணிக்கு வந்து "இன்னும் பச்சைத்தண்ணியும் பல்லிலை படேல்லை" என்பார்கள். வயிறு சரி, மணிக்கூடு பிழை. அன்றைக்கு எடுக்காமல் இன்னொரு காலையில் வரச் சொல்வதுதான் மரியாதை. பி1என்பி இவ்வளவு தொட்டாற்சுருங்கி இல்லை. சாப்பாட்டுக்கும் நேரத்துக்கும் பெரிதாக அசையாது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது, நேரத்துக்கு வரவும் முடியாது என்றால் பி1என்பியைத் தெரிந்தெடுங்கள் என்பேன்.

ரியூப்: சி.ரி.எக்ஸுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கிற ஈ.டி.ரி.ஏ உள்ள ஊதா மூடி நல்லது. அந்தப் பிளாஸ்மாவில் சாதாரண அறை வெப்பத்தில் ஒரு நாள் வரை அது தாக்குப்பிடிக்கும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி ரியூப்பில் வருகிற சீரத்தில் சில மணித்தியாலத்திலேயே உடையத் தொடங்கும். யாழ்ப்பாணத்துக்கு இது சின்ன விசயம் இல்லை. மாதிரி இங்கேயே ஓடுகிறதா, கொழும்புக்குப் போகிறதா என்று முதலில் கேளுங்கள். போகிறதென்றால் ஏ9 வழியாக ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பிரித்தெடுத்து உறையவைத்துப் போகிறதா, ஐஸ் பெட்டியில் போகிறதா, இரவு பஸ்ஸில் கைப்பையோடு போகிறதா என்பதில் எண் மாறும். சீரத்தில் எடுத்ததைப் பிளாஸ்மாவில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். ஒரு கொம்பனிக் கருவியின் முடிவை இன்னொரு கொம்பனிக் கருவியின் முடிவோடும் ஒப்பிடாதீர்கள். ஒரே ஆய்வுகூடத்தில் ஒட்டிக்கொள்வது நல்லது.

அதே ஊதா மூடி கல்சியத்துக்கு எமன். ஈ.டி.ரி.ஏயின் தொழிலே கல்சியத்தைக் கவ்விப் பிடிப்பது. முதலில் ஊதாவில் எடுத்துவிட்டு ஊசி நுனியால் சிவப்பில் தொட்டாலோ, சிவப்பில் இரத்தம் காணாது என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினாலோ, மறுநாள் றிப்போட்டில் கல்சியம் அடிநிலத்தில், அல்கலைன் பொஸ்பற்றேசும் குறைவு, பொட்டாசியம் மட்டும் ஆகாயத்தில். இந்த மூன்றும் ஒன்றாக வந்து, ஆள் நன்றாக நடந்து வந்து கதிரையில் இருக்கிறார் என்றால், வருத்தம் ஆளுக்கில்லை, ரியூப்புக்கு. சிவப்பு அல்லது மஞ்சளை நிரப்பிவிட்டுத்தான் ஊதாவுக்குப் போக வேண்டும். கையில் கட்டுகிற நாடாவும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இறுக்கி வைத்துக்கொண்டு நரம்பு தேடினால் அல்புமினோடு கல்சியமும் கூடிக் காட்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பாசத்தோடு அனுப்புகிற முடி விற்றமினையும் கவனிக்க வேண்டும். பெட்டியில் பயோட்டின் 5,000 அல்லது 10,000 மைக்கிரோகிராம் என்று இருக்கும். ஒரு நாளைக்கு உடம்புக்குப் போதுமானது 30 மைக்கிரோகிராம். பிறபொருளெதிரிகளைக் கொண்டு அளக்கிற பல இம்யூனோஅசே முறைகள் பயோட்டினையும் ஸ்ரெப்ராவிடினையும் பசையாகப் பாவிப்பவை. இரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் அந்தப் பசை வேறெங்கோ போய் ஒட்டும். சான்விச் முறையில் அளக்கிற சி.ரி.எக்ஸ், பி1என்பி, பராதைரொயிட் ஹோர்மோன், ரி.எஸ்.எச் எல்லாம் பொய்யாகக் குறைந்து வரும். போட்டி முறையில் அளக்கிற விற்றமின் டி பொய்யாகக் கூடி வரும். அதாவது எலும்பு அமைதியாக இருக்கிறது, விற்றமின் டி தாராளம் என்று ஒரு சுகமான பொய் றிப்போட். இரத்தம் எடுக்க இரண்டு மூன்று நாளுக்கு முதலே நிறுத்த வேண்டும். "வேறை குளிசை ஏதும் போடுறீங்களோ" என்று கேட்டால் இதை யாரும் சொல்லமாட்டார்கள், இது குளிசைக் கணக்கில் வராது. "முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு ஏதும்?" என்று கேட்க வேண்டும்.

எடுத்தது சரி என்று வைப்போம். எண்ணை வாசிக்க முதல் ஆளைப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானால் சி.ரி.எக்ஸ் வெளியேறாமல் தேங்கும். எலும்பு சும்மா இருந்தாலும் எண் ஏறும். பி1என்பியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "மொத்த பி1என்பி" முறை உடைந்த துண்டுகளையும் சேர்த்து எண்ணும், அதுவும் தேங்கும். முழு மூலக்கூறை மட்டும் எண்ணுகிற முறை அவ்வளவு தடுமாறாது. நாட்பட்ட சிறுநீரக நோய்க்காரருக்கு எலும்பின் தனி அல்கலைன் பொஸ்பற்றேசும், எலும்பை அரிக்கிற கலங்களிலிருந்து வருகிற ட்ராப்5பியும் நம்பிக்கையானவை. கிடைத்தால்தான்.

அண்மையில் ஏதாவது முறிந்ததா? மணிக்கட்டு முறிந்து பிளாஸ்ரர் போட்டவரின் மாக்கர் சில கிழமைக்குள் ஏறி ஆறு மாதம், சிலவேளை ஒரு வருடம்வரை மேலேயே நிற்கும். ஒட்டுகிற எலும்பின் குப்பை அது. முறிந்து 24 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் மட்டும் முறிவுக்கு முந்திய நிலைமை கிட்டத்தட்டத் தெரியும். அந்த முதல் நாளைத் தவறவிட்டால், ஒட்டி முடியும்வரை மாக்கரில் காசு போட வேண்டாம்.

ஈழை, வாதம் என்று பிரெட்னிசொலோன் போடுபவரின் பி1என்பி கீழே போகும், எலும்போ கரைந்துகொண்டிருக்கும். குறைந்த எண்ணைக் கண்டு திருப்திப்படக் கூடாத இடம் இது. சலரோகக்காரருக்கும் மாக்கர்கள் குறைவாக, டெக்ஸா பரவாயில்லாமல் வந்தபடி எலும்பு முறியும். மார்புப் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிற லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போடுபவருக்குத் திரும்பவும் ஒரு மாதவிடாய் நிற்றல் வந்த மாதிரி மாக்கர் ஏறும். தைரொக்சின் அளவு கூடி ரி.எஸ்.எச் அடங்கிப்போனாலும் ஏறும். அது மாத்திரை அளவைக் குறைத்தாலே தீர்கிற பிரச்சினை.

இந்த மாக்கர்கள் உண்மையிலேயே உதவுகிற இடம் ஒன்று உண்டென்றால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிற இடம்தான். டெக்ஸாவில் மருந்தின் பலன், கருவியின் பிழையைத் தாண்டித் தெரிய ஒரு வருடம் இரண்டு வருடம் ஆகும். எலும்பு அரிப்பைக் குறைக்கிற அலெண்ட்ரோனேற் குளிசை தொடங்கி மூன்று மாதத்தில் சி.ரி.எக்ஸும் பி1என்பியும் விழுந்திருக்க வேண்டும். 2017இல் சர்வதேச எலும்பு ஐதாதல் அமைப்பும் ஐரோப்பியக் கல்சியத் திசுச் சங்கமும் சேர்ந்து சொன்ன அளவு: தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் பார்த்து, பி1என்பி 38 வீதத்துக்கு மேல், சி.ரி.எக்ஸ் 56 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மருந்து உள்ளே போகிறது. தொடக்க எண் இல்லாமல் மருந்து தொடங்கிவிட்டவர்களுக்கு இன்னொரு அளவுகோல்: சி.ரி.எக்ஸ் லீற்றருக்கு 280 நனோகிராமுக்குக் கீழே, பி1என்பி 35 மைக்கிரோகிராமுக்குக் கீழே. இவை மாதவிடாய் நிற்காத பெண்களின் நடு அளவுகள். 58 வயதுக்கு 0.62 "சாதாரணம்" என்று மேலே சொன்னேன். மருந்து போடுபவருக்கு அந்தச் சாதாரணம் காணாது, முப்பது வயதுக்காரியின் அமைதி வேண்டும்.

ஒரு கற்பனை றிப்போட்டை மேசையில் விரிப்போம். தொடக்கம்: காலை 8 மணி, வெறும் வயிறு, சி.ரி.எக்ஸ் 620, பி1என்பி 68. மூன்று மாதம் கழித்து: சி.ரி.எக்ஸ் 410, பி1என்பி 61. சி.ரி.எக்ஸ் 34 வீதம் இறங்கியிருக்கிறது, பரவாயில்லையே என்று தோன்றும். பி1என்பி 10 வீதம்தான் இறங்கியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் கேட்க வேண்டியது இரண்டாம் தடவை எத்தனை மணிக்கு எடுத்தது என்று. பஸ் பிந்தி, வழியில் இடியப்பம் சாப்பிட்டு, 11 மணிக்கு எடுத்திருந்தால் அந்த 34 வீதம் இடியப்பத்தினதும் மணிக்கூட்டினதும் வேலை. குளிசை எதுவுமே செய்யவில்லை என்று பி1என்பி காட்டிக்கொடுக்கிறது. மருந்து சரியாகப் போயிருந்தால் 620 ஏறக்குறைய 200ஐ ஒட்டியும், 68 நாற்பதுக்குக் கீழேயும் வந்திருக்கும்.

இப்படி விழாமல் நிற்கிறபோது டொக்டரை மாற்றவோ ஊசிக்கு மாறவோ முதல், குளிசை எப்படி விழுங்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கிழமைக்கு ஒருதரம் போடுகிற 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேற்றில், எல்லாம் முறைப்படி செய்தாலே உடம்புக்குள் போவது 0.6 வீதத்தை ஒட்டித்தான். அரை மில்லிகிராமும் இல்லை. கோப்பியோடோ தோடம்பழச் சாற்றோடோ விழுங்கினால் அந்தக் கொஞ்சத்திலும் 60 வீதம் போய்விடும். சாப்பாட்டோடு என்றால் ஏறக்குறையப் பூச்சியம்.

யாழ்ப்பாணத்தவருக்கு இதில் ஒரு விசேச இடைஞ்சல் தண்ணீர். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இறங்கியவை. கேத்தலின் அடியில் பிடிக்கிற வெள்ளைப் படையைச் சுரண்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் கல்சியம் காபனேற். குளிசைப் பெட்டிக்குள் இருக்கிற தாளில் "வெறும் தண்ணீர், மினரல் வோட்டர் வேண்டாம்" என்று எழுதியிருப்பது கல்சியம் குளிசையைக் கட்டிப்போடும் என்பதால்தான். அந்தத் தாளை எழுதியவர் சுன்னாகத்துக் கிணற்றுத் தண்ணியைக் கண்டதில்லை. குளிசை போடுகிற அன்றைக்கு மட்டும் ஆர்.ஓ வடிகட்டித் தண்ணீர் ஒரு போத்தல் எடுத்து வையுங்கள். அது கிடைக்காவிட்டால் நன்றாகக் கொதித்து ஆறி, படை அடியில் அடைந்த பிறகு மேலே தெளிந்ததை வடித்தெடுங்கள். கல்சியம் முழுதும் போகாது, கொஞ்சம் குறையும்.

செய்முறை இதுதான். எழும்பியவுடன், தேத்தண்ணிக்கு முதல், ஒரு குவளை நிறைய, 200 மில்லிலீற்றர் அளவு தண்ணீரோடு குளிசையை முழுதாக விழுங்க வேண்டும். சப்பவோ சூப்பவோ கூடாது. அடுத்த அரை மணித்தியாலம் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது, படுக்கவும் கூடாது. முற்றம் கூட்டக் குனிவதையும் அந்த அரை மணிக்குப் பிறகு வையுங்கள். குளிசை மேலே எதுக்களித்தால் களம் (உணவுக்குழாய்) புண்ணாகும். கோயிலுக்கு நடந்து போகலாம், நல்ல பயிற்சி. பலர் வெள்ளிக்கிழமையைக் குளிசை நாளாக வைத்திருக்கிறார்கள். தோய்ந்து, சாப்பிடாமல் இருக்கிற காலை என்பதால் மறக்காது. தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் மட்டும் அந்த அரை மணிக்குப் பிறகு.

கல்சியக் குளிசை வேறு நேரத்துக்கு. அதுவும் காபனேற் வடிவம் என்றால் மத்தியானச் சாப்பாட்டோடு. பெட்டியில் 1,250 மில்லிகிராம் என்று இருந்தால் அதற்குள் உண்மையான கல்சியம் 500. தைரொக்சின் போடுபவர் அதிலிருந்து நான்கு மணித்தியாலம் தள்ளிப் போட வேண்டும். காலையில் அலெண்ட்ரோனேற், தைரொக்சின், கல்சியம், பிறசர்க் குளிசை நான்கையும் ஒரே கையில் வைத்துப் பால்தேத்தண்ணியோடு விழுங்குகிறவரின் சி.ரி.எக்ஸ் ஏன் விழவில்லை என்று யோசிக்க ஆய்வுகூடம் தேவையில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போட்டும் விழவில்லை என்றால் மேலே சொன்ன பட்டியலுக்குத் திரும்புங்கள்: விற்றமின் டி, பராதைரொயிட், தைரொயிட், கண்ணுக்குத் தெரியாத முறிவு, குடல் உறிஞ்சாமை. அதற்கும் பிறகுதான் வருடத்துக்கு ஒருதரம் நாளத்தில் ஏற்றுகிற 5 மில்லிகிராம் சொலிட்ரோனிக் அமிலம். அது குடலைச் சுற்றிப் போகிறதால் விழுங்குகிற வில்லங்கம் எதுவும் இல்லை. கிரியற்றினின் கிளியறன்ஸ் 35க்குக் கீழே என்றால் போடக் கூடாது.

எலும்பு அரிப்பை அடக்குகிற டெனோசுமாப் ஊசி போடுபவர்களுக்குக் கணக்கு வேறு. 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருதரம். போட்ட சில நாட்களிலேயே சி.ரி.எக்ஸ் தரைமட்டம். அதனால் "வேலை செய்கிறதா" என்று மூன்று மாதத்தில் பார்ப்பது பெரும்பாலும் தேவையில்லாத செலவு. ஆபத்து நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. அலெண்ட்ரோனேற் எலும்பிலேயே படிந்து வருடக்கணக்கில் நிற்கும். டெனோசுமாப் அப்படி நிற்காது. ஊசி தவணை தாண்டி ஒரு மாதத்துக்கு மேல் போனால் அடக்கி வைத்திருந்த அரிப்பு ஒரேயடியாகக் கிளம்பி, மாக்கர்கள் தொடக்க நிலையையும் தாண்டி ஏறும், முள்ளந்தண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நசியலாம். காசு முடிந்தது, ஊசி கொண்டுவாறவர் வரவில்லை, பல்லுப் பிடுங்க வேண்டும் என்று யாரும் தாங்களாக நிறுத்தக் கூடாத மருந்து இது. நிறுத்துவதென்றால் கடைசி ஊசியிலிருந்து ஆறாம் மாதத்தில் சொலிட்ரோனிக் அமிலம், பிறகு மூன்று, ஆறாம் மாதங்களில் சி.ரி.எக்ஸ். திரும்ப ஏறுகிறதென்றால் இன்னொரு தடவை ஏற்ற வேண்டி வரும். வேறெந்த இடத்திலும் இந்தப் பரிசோதனைக்கு இவ்வளவு பெறுமதி இல்லை என்று நினைக்கிறேன்.

ஸ்கிளெரொஸ்ரின், பெரியொஸ்ரின், பென்டோசிடின், மைக்ரோஆர்.என்.ஏ என்று புதுப் பெயர்கள் அடிபடுகின்றன. ஆராய்ச்சிக்கு நல்லவை, கிளினிக்கில் ஒரு தீர்மானத்தை மாற்ற இன்னும் பயன்படுவதில்லை. ஒஸ்ரியோகல்சின் பழைய ஆள். சிவப்பணு கொஞ்சம் உடைந்தாலே அது சிதைந்துவிடும் என்பதால் ஒதுங்கிவிட்டது. பக்கேஜ் விலைப்பட்டியலில் "எலும்புப் பூரணப் பரிசோதனை" என்று இவற்றைக் கண்டால் அந்தக் காசை டெக்ஸாவுக்கு எடுத்து வையுங்கள்.

றிப்போட் கைக்கு வந்ததும் அதன் மூலையில் பேனையால் ஐந்து விசயம் எழுதி வையுங்கள், ஆய்வுகூடம் எழுதாது: எத்தனை மணிக்கு எடுத்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எந்த நிற மூடி, என்ன மருந்து எத்தனையாம் மாதம், கடைசியாக எப்போது என்ன முறிந்தது. ஆறு மாதம் கழித்து வேறொரு டொக்டர் அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போது 0.62க்கு முதல் அந்த மூலையைத்தான் வாசிப்பார்.